ரத்தம் போனாலே மூலம்தானா? குடல் அழற்சியோடு என் முதல் வருஷம்

மலத்தில் ரத்தம் போகிறது என்று நம் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் அடுத்த வார்த்தை "மூலமா இருக்கும்". அதற்கடுத்தது "உடம்பு சூடு". எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். 31 வயசில் ஆரம்பித்த தொந்தரவுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பெயர் தெரியவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெருங்குடலின் உள்பக்கம் சிவந்து வீங்கிப் புண்ணாகிற நோய் இது. ஆசனவாய்ப் பக்கத்தில் தொடங்கி மேலே ஏறும். இதே இனத்தில் க்ரோன்ஸ் என்று இன்னொன்று உண்டு, அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரும். இரண்டையும் சேர்த்து ஐ.பி.டி. என்கிறார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் குடலைத் தாக்குகிற கோளாறு. ஒட்டுவாரொட்டி கிடையாது, காரம் சாப்பிட்டதால் வந்ததும் கிடையாது. இதையெல்லாம் அன்றைக்கே யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, என் மாத்திரைக் கணக்கைப் பார்த்து யாரும் தங்கள் மாத்திரையை மாற்றிவிட வேண்டாம்.

முதலில் வந்தது வயிற்றுக் கடுப்பு. காலையில் கண் விழித்ததும் ஓட வேண்டும். போனால் சளியும் ரத்தமுமாகக் கொஞ்சம்தான் வரும். எழுந்து வந்து சேலையைச் சரி செய்வதற்குள் மறுபடி முக்கும். தெருமுனை டாக்டர் சீதபேதி என்று ஆன்டிபயாடிக் எழுதினார். கொஞ்ச நாள் தேவலை போல இருந்தது, திரும்ப வந்தது. அத்தை வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார், துத்திக்கீரை ஆய்ந்து வதக்கினார், வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தை அவர் குறையில்லாமல் செய்தார். கடைசியில் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்குமே, "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்று, அதில் ஒரு இடத்துக்கு என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். ஒரு சின்னக் குழாயை விட்டு அரை நிமிஷம் பார்த்துவிட்டு "மூணாவது ஸ்டேஜ் மூலம்" என்றார்கள். ஊசி, லேகியம், ஒரு பொடி, மறுபடி ஊசி என்று போய் 22,000 ரூபாய் கரைந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. "பத்தியம் சரியா இருக்கலீங்க" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். நம்பிக்கொண்டு உப்பு, புளி, காரம் எல்லாம் விட்டேன். எடைதான் குறைந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மூலத்தில் பெரும்பாலும் மலம் சாதாரணமாக இருக்கும், ரத்தம் மட்டும் பளிச்சென்று தனியாகச் சொட்டும், இல்லாவிட்டால் கழுவும்போது கையில் படும். ரத்தம் சளியோடு கலந்து வந்தால், பேதியாகப் போனால், அடக்க முடியாத அவசரம் இருந்தால், எடை இறங்கினால், மாலையில் லேசாகக் காய்ச்சல் காய்ந்தால் அதை மூலம் என்று விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ராத்திரி. நல்ல தூக்கத்தில் இருக்கும்போது வயிறு உங்களை எழுப்பி ஓட வைக்கிறதா? டென்ஷனால் வருகிற வயிற்றுக் கோளாறு, ஐ.பி.எஸ். என்பார்களே, அது பொதுவாகத் தூக்கத்தைக் கலைக்காது. குடலில் புண் இருந்தால் கலைக்கும். நான் ராத்திரி எழுந்து போவதைக் கேட்ட முதல் டாக்டர்தான் சரியான நோயைப் பிடித்தவர். அதற்கு முன்னால் பார்த்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வாரக்கணக்கில் இப்படி இருந்தால் குடல் இரைப்பை மருத்துவத்தில் டி.எம். படித்தவரைத் தேடிப் போங்கள். போர்டில் பெயருக்குப் பின்னால் போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு வருஷத்தில் ஸ்கூலுக்கு எப்படிப் போய் வந்தேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. டீச்சர்ஸ் டாய்லெட் மைதானத்துக்கு அந்தப் பக்கம். ஒன்பதாம் வகுப்பு 'சி' செக்ஷன் இரண்டாவது மாடி. போர்டில் பாதிக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போது வயிறு முறுக்கும், சாக்பீஸைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். காலையில் சாப்பிட்டால்தானே பிரச்சினை என்று சாயங்காலம் வரைக்கும் பட்டினி. அடர்ந்த நிறச் சேலை மட்டும்தான் கட்டினேன். ஹேண்ட்பேக்கில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் ஒரு உள்பாவாடை, உள்ளாடை, ஈரத் துணி எப்போதும் இருக்கும். டவுன் பஸ்ஸில் ஒரு நாள் முடியாமல், என் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிப் பெட்ரோல் பங்க்குக்கு ஓடினேன். அதற்கப்புறம் வழியில் எந்தெந்த பங்க்கில் கதவு தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பக்கத்து வகுப்பு தமிழ் டீச்சர் ஒருவர் இருந்தார். நான் வெளியே ஓடுவதைப் பார்த்தால் எதுவும் கேட்காமல் என் வகுப்பில் வந்து நிற்பார். திரும்பி வந்ததும் போய்விடுவார். ஒரு நாள்கூட "என்னாச்சு, எதுக்குப் போனீங்க" என்று விசாரித்தது கிடையாது. நோயாளிக்கு ஆதரவு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, எனக்குக் கிடைத்ததில் அதைவிடப் பெரிய ஆதரவு இல்லை.

ஒருநாள் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். அப்புறம்தான் கோயம்புத்தூரில் ஒரு குடல் டாக்டரிடம் போனோம். மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். லேபில் 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. குடலில் அழற்சி இருக்கிறதா இல்லையா என்று காட்டுகிற டெஸ்ட் அது. 50-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எனக்கு 1,800-ஐத் தாண்டியிருந்தது. மலத்தில் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், அடுத்து கொலனோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நடுக்கம். மயக்க ஊசி போட்டுச் செய்ததில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. கஷ்டமெல்லாம் முந்தின ராத்திரி குடிக்கிற பேதித் தண்ணீரில்தான் இருக்கிறது. உப்பும் செயற்கை எலுமிச்சை வாசனையுமாக லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும் ஸ்ட்ரா போட்டு நிதானமாகக் குடியுங்கள். நடுநடுவே இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம். பால், சிவப்பு நிற ஜூஸ் கூடாது. பாதியை ராத்திரியும் மீதியை விடிகாலையும் குடிக்கச் சொன்னால் தூக்கம் கெடுகிறதே என்று மொத்தத்தையும் ராத்திரியே முடிக்கப் பார்க்காதீர்கள். குடல் சுத்தமாகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வரச் சொல்வார்கள், காசும் மறுபடி கட்ட வேண்டும்.

ஸ்கோப்பியின்போது கிள்ளி எடுத்த சதைத் துணுக்கைச் சோதித்த பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்றைக்கு டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பேசினார். வெளியே நீண்ட வரிசை, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. "கேன்சர் இல்லம்மா, டி.பி.யும் இல்ல. இது கோலைட்டிஸ். கட்டுக்குள்ள வெச்சுக்கலாம், ஆனா மாத்திரை ரொம்ப வருஷம் சாப்பிட வேண்டி வரும்." கேன்சர் இல்லை என்றதும் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். எனக்கு இரண்டாவது பாதிதான் காதில் விழுந்தது. மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டே அழுதேன். புதிதாக இந்தச் செய்தியைக் கேட்கிறவருக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் எதுவும் மனசில் ஏறாது. அதனால் கூட ஒருவர் போக வேண்டும். போகிறவரின் வேலை நோட்டில் எழுதுவது. நோய் குடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, லேசானதா கடுமையானதா, எந்த மாத்திரை எதற்கு, எதை எப்போது எப்படிக் குறைக்க வேண்டும், ராத்திரியில் அதிகமானால் எந்த நம்பருக்குப் போன் செய்வது, அடுத்த ரத்த டெஸ்ட் எப்போது. ஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி, கலர் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதிவாரியாகப் போட்டு, போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு டாக்டரைப் பார்க்க நேர்ந்தால் இந்த ஃபைல் இருந்தால்தான் மறுபடி முதலிலிருந்து ஸ்கோப்பி எடுக்கிற செலவு மிச்சம்.

எனக்கு நோய் பெருங்குடலின் இடது பக்கம் வரை. குடல் அழற்சியைத் தணிக்கிற மெசாலமைன் மாத்திரையோடு, அதே மருந்தை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்துகிற எனிமாவாகவும் எழுதியிருந்தார். எனிமா பாட்டிலைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பீரோவுக்குள் ஒளித்து வைத்தேன். உண்மையைச் சொன்னால், இந்த நோயில் என்னை வெகுவாக அவமானப்படுத்தியதும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான். கீழ்க்குடலில் இருக்கிற புண்ணுக்கு மருந்து நேராகப் போய்ச் சேர்கிறது. மாத்திரையை மட்டும் சாப்பிடுவதைவிட இரண்டும் சேரும்போது பலன் கூடுதல். எப்படிச் செய்வது என்று நர்ஸ் சொல்லித்தரவில்லை, நானே பழகினதைச் சொல்கிறேன். படுக்கப் போகும் முன் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுங்கள், சில்லென்று உள்ளே போனால் குடல் உடனே வெளியே தள்ளிவிடும். நன்றாகக் குலுக்குங்கள். இடது பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை மடக்கிப் படுத்து, மெதுவாக அழுத்த வேண்டும். அரை மணி நேரமாவது அப்படியே கிடந்தால் ராத்திரி முழுக்க உள்ளே நிற்கும். கீழே பழைய ரெக்சின் ஷீட்டும் மேலே பழைய நைட்டியும் போதும், ஏனென்றால் மருந்து பட்ட துணியில் பழுப்புக் கறை விழும், போகாது. ஆரம்பத்தில் நிற்கவே நிற்காது. அதற்காக விட்டுவிடாதீர்கள், புண் ஆற ஆற நிற்கத் தொடங்கும்.

கூடவே ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் 40 மி.கி.யில் ஆரம்பித்து வாரம் 5 மி.கி. குறைப்பது என் சீட்டில் இருந்த கணக்கு. சில நாளிலேயே ரத்தம் நின்றது. வருஷம் கழித்துச் சாதாரணமாக வெளிக்குப் போன அன்றைக்கு பாத்ரூமுக்குள்ளேயே சாமி கும்பிட்டேன். ஆனால் தூக்கம் போச்சு. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கேஸ் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. பையன் பென்சிலைத் தொலைத்ததற்குக் கத்திய கத்தலில் அவன் நடுங்கிப்போனான். முகம் உருண்டையாகிவிட்டது, கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "இப்பத்தான் அம்மிணி சதை புடிச்சு நல்லா இருக்கே" என்றார்கள். இதெல்லாம் மருந்து செய்கிற வேலை, குறையக் குறையச் சரியாகும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் சண்டை குறையும். காலையில் சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது. சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும், கால்சியம் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். ரத்தம் நின்றுவிட்டதே என்று ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது அதற்குள் படுத்துப்போயிருக்கும், மயங்கி விழுவீர்கள். அதே நேரம், இதையே வருஷக்கணக்கில் தொடரச் சொன்னாலும் கேள்வி கேளுங்கள். அவசரத்துக்குத்தான் ஸ்டீராய்டு, நிரந்தரத்துக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

யாரும் எச்சரிக்காத இன்னொரு பொறி வலி ஊசி. முட்டி வலி, பல் வலி, காய்ச்சல் என்று எதற்குப் போனாலும் நம் ஊர் கிளினிக்கில் ஒரு டைக்ளோஃபினாக் ஊசி இடுப்பில் ஏறிவிடும். அந்த ரக வலி மருந்துகள் அடங்கியிருக்கிற குடலைக் கிளறிவிடக் கூடியவை. "எனக்குக் கோலைட்டிஸ் இருக்கு, பாரசிட்டமால் மட்டும் கொடுங்க" என்று பல் டாக்டர் வரைக்கும் சொல்லிவிடுங்கள். மூட்டு வலி, கண் சிவப்பது, காலில் வலியோடு சிவப்புக் கட்டி, வாய்ப்புண் இவையும் இந்த நோயோடு சேர்ந்து வருபவைதான், அதனால் தனித்தனி டாக்டரிடம் அலைவதற்கு முன் குடல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் "அந்தக் கம்பெனி இல்லீங்க, இதுவும் அதேதான்" என்று வேறு மெசாலமைன் கொடுத்தால் உடனே வாங்கிவிட வேண்டாம். மாத்திரையின் மேல்பூச்சைப் பொறுத்து ஒன்று சிறுகுடலிலேயே கரையத் தொடங்கும், இன்னொன்று பெருங்குடலில் போய்க் கரையும். டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இனி சாப்பாடு. ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். மாதுளம்பழத் தோல், ஆட்டுப்பால், கருணைக்கிழங்கு, ஒருத்தர் யூடியூபில் பார்த்த 48 நாள் கோர்ஸ். "என்ன சாப்பிட்டு இப்படி ஆச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சோர்ந்துவிட்டேன். இந்த நோயைக் கொண்டுவந்த சாப்பாடு என்றும் குணமாக்குகிற சாப்பாடு என்றும் எதையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் புண் அதிகமாக இருக்கும்போது குடலுக்கு வேலை குறைவாகக் கொடுக்கலாம். எனக்கு ஒத்துக்கொண்டது குழைந்த சோறு, இட்லி, தயிர், சுரைக்காய், பாசிப்பருப்பு, அவித்த முட்டை, மீன் குழம்பில் மீன் மட்டும். ஒத்துக்கொள்ளாதது கொண்டைக்கடலை, பச்சை வெங்காயம், கீரைத் தண்டு, பால் காபி. உங்களுக்கு வேறாக இருக்கலாம், ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும். அடங்கின பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியோடு நின்றால் புரதமும் இரும்பும் எங்கிருந்து வரும்? எனக்கு இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது, அதனால் டிரிப்ஸில் ஏற்றினார்கள். அத்தைக்கு இதையெல்லாம் நான் சொன்னால் ஏறாது. டாக்டர் ரூமுக்குள் ஒருதடவை கூட்டிப்போனேன். "நானுங் கேட்டுக்கறனுங்க, எம்மருமகளுக்கு என்ன ஆக்கிப் போடறதுங்க?" என்று அவரே கேட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற வைத்தியர்களை வாசலிலேயே சமாளித்து அனுப்புகிற பொறுப்பு அவருடையது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூல வைத்தியக்காரர்களிடம் விட்டது போக, ஸ்கோப்பி பயாப்ஸியோடு 11,000, முதல் சில மாதங்கள் மருந்து மட்டும் மாதம் 5,000-க்குப் பக்கம், அப்புறம் 3,000-க்குள் வந்தது. ஸ்கூலில் சம்பளம் பிடித்தது தனி. ஒரு சங்கிலி அடகுக்குப் போனது. வசதி இல்லையென்றால் குடல் இரைப்பைப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாராளமாகப் போகலாம், சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் தனித்துறையே இருக்கிறது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்குக் கிடைக்கும், ஆனால் வீட்டில் சாப்பிடுகிற மாத மாத்திரைக்கு அதை நம்ப முடியாது. தனியார் காப்பீட்டில் ஒரு முள் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற நோய் என்று சொல்லி நிரந்தரமாக விலக்கி வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்து 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பட்டியல் போட்டது, அதில் ஐ.பி.டி.யும் இருந்தது. ஆகவே நோய் தெரிவதற்கு முன் எடுத்த பாலிசி கையில் இருந்தால் பிரீமியம் ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். கம்பெனி மூலமாக வருகிற குரூப் இன்சூரன்ஸில் பொதுவாக இந்தத் தடை இருக்காது. கணவர், மனைவி யாருடைய ஆபீஸில் அது இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

நன்றாக இருந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு, பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்துகிற சமயத்தில் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் திரும்ப வந்தது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று எல்லோரும் தேடினார்கள். டாக்டர்தான், "நீறு பூத்த நெருப்பும்மா இது, சில சமயம் காத்தே அடிக்காமயும் பத்திக்கும்" என்று வாயை அடைத்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற அசதயோபிரின் மாத்திரையைச் சேர்க்க முடிவானது. அதற்கு முன் என்.யு.டி.டி.15 என்ற மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அந்த மரபணு மாறுபாடு ஆசியர்களிடம் அதிகம், இருந்தால் இந்த மாத்திரையில் வெள்ளணு மளமளவென்று இறங்கிவிடும், முடி கொட்டும். இந்த மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னால் அந்த டெஸ்டைப் பற்றி நீங்களே கேளுங்கள், ஆரம்ப வாரங்களில் ரத்த எண்ணிக்கை பார்ப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். எப்போது வீட்டில் வைத்துச் சமாளிக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே 100 டிகிரி காய்ச்சலோ நாடித் துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் அட்மிட் ஆக வேண்டிய நிலை. 1955-ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் வகுத்த அளவுகோலைத்தான் இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே கேட்கிறார்கள். அந்த நிலையில் பேதியை நிறுத்துகிற மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது, குடல் ஊதிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

இப்போது எனக்குத் தெரிந்து யாருக்காவது புதிதாக வந்தால் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். போன வருஷம் என்னிடம் படித்த பையன் ஒருவனுடைய அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். முதலில் குடலில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்களாம், சில மாதம் கழித்து மறுபடி ஸ்கோப்பி பார்த்து டி.பி. இல்லை, க்ரோன்ஸ் என்கிறார்களாம். "டாக்டர் ஏமாத்திட்டாருங்களா டீச்சர்?" ஏமாற்றவில்லை. நம் நாட்டில் குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் ஸ்கோப்பியிலும் பயாப்ஸியிலும் ஒன்று போலவே காட்டுவதுண்டு. க்ரோன்ஸுக்கான மருந்தை டி.பி. இருக்கிறவருக்குக் கொடுத்தால் டி.பி. கட்டுமீறிப் போய்விடும், அதனால் சந்தேகம் இருந்தால் டி.பி. மருந்தை முதலில் கொடுத்து, புண் ஆறுகிறதா என்று பார்ப்பது பல டாக்டர்கள் செய்கிற முறைதான். இதைச் சொன்ன பிறகுதான் அவர் மூச்சு விட்டார். பையனுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அடாலிமுமாப் ஊசி எழுதியிருந்தார்கள், விலை கேட்டு அரண்டிருந்தார். 2014-ல் அதன் பயோசிமிலரை, அதாவது அதே போல வேலை செய்கிற மாற்று மருந்தை, உலகத்திலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு இந்தியக் கம்பெனிதான், அதற்குப் பிறகு விலை இறங்கியிருக்கிறது, எந்தெந்த பிராண்டு என்ன விலை என்று டாக்டரிடமே வெட்கப்படாமல் கேளுங்கள் என்றேன். ஊசிக்கு முன் டி.பி., மஞ்சள் காமாலை பி டெஸ்ட் எடுத்துப் போட வேண்டிய தடுப்பூசிகளையும் முடித்துவிட வேண்டும், ஆரம்பித்த பிறகு உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதுவும் போடக் கூடாது.

அந்த அம்மாவுக்கு வேறு பெரிய அறிவுரை நான் சொல்லவில்லை. பையனிடம் தினமும் எத்தனை தடவை போனாய் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்க வேண்டாம், அவனே நோட்டில் எழுதட்டும், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சொந்தக்காரர்களுக்கு எதைச் சொல்வது என்று முடிவெடுக்கிற உரிமை அவனுடையது. சிகரெட் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள், க்ரோன்ஸை அது மோசமாக்கும். கல்யாணம், குழந்தை பற்றிய பயமும் அவருக்கு இருந்தது. நோய் அடங்கியிருக்கிற காலத்தில் பெரும்பாலானோர் சாதாரணமாகப் பிள்ளை பெறுகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதினால் மட்டும் கல்யாண யோசனையை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த நோய்க்கே கொடுக்கிற விலை மலிவான சல்ஃபாசலசின் மாத்திரை ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும். இந்தச் செய்தியை முன்னாலேயே சொன்னால் பின்னால் வீண் பழி வராது.

அவன் காலேஜ் ஹாஸ்டல் மூன்றாவது மாடி, பாத்ரூம் தளத்துக்கு ஒன்று. வார்டனிடம் நோயைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டுப் படிப்பையே நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நோயின் பெயரைப் போட வேண்டிய அவசியமில்லை. "இவர் தொடர் சிகிச்சையில் இருக்கிறார், கழிவறைக்கு அருகில் அறையும், வகுப்பிலும் தேர்வறையிலும் கதவுக்கு அருகில் இடமும், தேவைப்படும்போது அனுமதி கேட்காமல் வெளியே செல்லும் வசதியும் தரவும்" என்று எழுதி, கையெழுத்தும் பதிவெண் முத்திரையும் இருந்தால் போதும். நாலு காப்பி எடுத்து வார்டன், எச்.ஓ.டி., எக்ஸாம் செல் மூன்று பேருக்கும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய காப்பியை அவன் ஃபைலில் வைத்திருக்கிறான். தரைத்தளத்தில் ரூம் கிடைத்துவிட்டது.